கடிதங்களால் நடந்த ஆட்சி: கொழும்பும் இலண்டனும்

எழுத்தால் நடைபெறும் ஆட்சி தமிழ் மக்களுக்குப் புதியதன்று. சோழப் பேரரசர் காலத்திலே மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணைக்குத் 'திருவாய்க் கேள்வி' என்று பெயர். அதனைக் கேட்டு எழுதிய அலுவலர் 'திருமந்திர ஓலை' எனப்பட்டார். எழுதியதைச் சரிபார்த்து ஒப்பமிட்டவர் 'திருமந்திர ஓலைநாயகம்'. அதன் பின்னர் அவ்வாணை வரிப்பொத்தகத்தில் பதியப்பட்டது. தஞ்சையிலிருந்த அரசனின் சொல் தொலைவில் இருந்த ஓர் ஊர்ச் சபையைச் சென்றடைவதற்கு இத்தனை கைகள் வேண்டியிருந்தன.

கடல் கடந்த பேரரசொன்றை அமைத்த ஆங்கிலேயரும் இதே முறையையே பெருமளவில் கையாண்டனர். அவர்களது பேரரசைக் காத்தவை கப்பல்களும் பீரங்கிகளும் என்றே பலரும் எண்ணுவர். நாள்தோறும் அதனை நடத்தியது கடிதமே. நம் முன்னோரின் நிலம், வரி, வாக்குரிமை, பள்ளிக்கூடம் ஆகிய அனைத்தும் கொழும்பிலிருந்து இலண்டனுக்கும் இலண்டனிலிருந்து கொழும்புக்கும் சென்று வந்த கடிதங்களிலே தீர்மானிக்கப்பட்டன. அக்கடிதங்கள் இன்றும் அழியாமல் இந்நகரிலேயே உள்ளன. இங்கு வாழும் தமிழ் மாணவர்கள் அவற்றைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும் என்ற விருப்பமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கடிதம் புறப்பட்ட வழி

1796ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றினர். 1798இல் பிரெடெரிக் நோர்த் முதலாவது தேசாதிபதியாகப் பதவியேற்றார். 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. 1815இல் கண்டி இராச்சியமும் அவர்கள் வசமாயிற்று. கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து 1833இல் தீவு முழுவதும் ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது.

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பிரச்சினை எழுந்தது என்று வைத்துக்கொள்வோம். விதானையார் அதனை மணியகாரருக்கு அறிவிப்பார். மணியகாரர் கச்சேரியில் இருந்த அரசாங்க அதிபருக்கு அறிவிப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டைக், துவைனம் போன்ற அதிபர்கள் நீண்டகாலம் யாழ்ப்பாணக் கச்சேரியில் அமர்ந்து வடபகுதியை ஆண்டனர். அதிபர் கொழும்பிலிருந்த குடியேற்ற நாட்டுச் செயலாளருக்கு எழுதுவார். அவர் தேசாதிபதியிடம் சமர்ப்பிப்பார். விடயம் பெரிதாயின் தேசாதிபதி இலண்டனிலிருந்த அமைச்சருக்கு எழுதுவார். ஒவ்வொரு படியிலும் செய்தி சுருங்கும், மொழி மாறும், அழுத்தம் மாறும். கிராமத்திலே கண்ணீரோடு சொல்லப்பட்ட சொல், இலண்டனை அடையும்போது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இரண்டு வரியாக மாறியிருக்கும்.

தேசாதிபதியின் கடிதங்களிலும் வகைகள் இருந்தன. இலக்கமிடப்பட்ட பொதுக் கடிதங்கள் ஒரு வகை. இவை தேவைப்படின் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படலாம், அச்சிலும் வரலாம். அந்தரங்கக் கடிதங்களும் இரகசியக் கடிதங்களும் மற்றொரு வகை. இவற்றுக்குப் புறம்பாகத் தேசாதிபதியும் அமைச்சரும் நண்பர்களைப் போலத் தமக்குள் எழுதிக்கொண்ட தனிப்பட்ட கடிதங்களும் உண்டு. ஒரே நாளில் ஒரே நிகழ்ச்சியைப் பற்றி ஒரே மனிதர் எழுதிய பொதுக் கடிதம் ஒன்று சொல்லும். தனிக்கடிதம் வேறொன்று சொல்லும். வரலாற்று மாணவன் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும்.

டவுனிங் வீதியில் நடந்தது

கடிதம் இலண்டனில் குடியேற்ற நாட்டு அலுவலகத்தை அடைந்ததும் அதன்மீது திகதி முத்திரை குத்தப்படும்; பதிவேட்டில் இலக்கமிடப்படும். முதலில் அதனைப் படிப்பவர் இளம் எழுத்தர் ஒருவர். அவர் தமது கருத்தைச் சிறு குறிப்பாக எழுதி மேலே அனுப்புவார். அவருக்கு மேலுள்ளவர் அதன் கீழே தமது குறிப்பை எழுதுவார். இவ்வாறு நிரந்தர உதவிச் செயலாளர் வரை சென்று, இறுதியில் அமைச்சரின் மேசையை அடையும். அமைச்சர் பெரும்பாலும் தமது பெயரின் முதலெழுத்தை மட்டுமே இடுவார். அதன் பின்னர் பதிற்கடிதம் வரையப்பட்டு, திருத்தப்பட்டு, படியெடுக்கப்பட்டு அனுப்பப்படும்.

இலங்கையைக் கண்ணாலும் கண்டிராத ஓர் இளைஞர் எழுதிய முதற்குறிப்பே பல வேளைகளில் இறுதி முடிவுக்கு அடிப்படையாக அமைந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சோழர் காலத்துத் திருமந்திர ஓலைக்கும் இந்த எழுத்தருக்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியது. பெயர் வெளியே தெரியாத இவர்களின் கையிலேதான் ஆட்சியின் சொல் உருப்பெற்றது.

காலமும் தூரமும்

நோர்த்தின் காலத்தில் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. ஒரு கடிதம் இலண்டனை அடைய நான்கைந்து மாதங்கள் செல்லும். மறுமொழி கிடைப்பதற்கு ஓர் ஆண்டளவு ஆகிவிடும். கப்பல் மூழ்கினால் கடிதமும் மூழ்கும். ஆதலால் முக்கியமான கடிதங்களின் இரண்டாம் படி வேறொரு கப்பலில் அனுப்பப்படும். இத்தகைய நிலையில் தேசாதிபதியே சிற்றரசன் போல நடந்துகொள்ள இயன்றது. அனுமதி கேட்டு எழுதிவிட்டு, மறுமொழி வருமுன்னரே காரியத்தை முடித்துவிடலாம் அல்லவா?

பின்னர் நீராவிக் கப்பல்களும் எகிப்து வழியான பாதையும் இத்தூரத்தைச் சுருக்கின. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1870இல் இலண்டனையும் மும்பாயையும் கடலடித் தந்தி இணைத்தது. மாதங்கள் நாள்களாயின. அன்று முதல் இலண்டனின் பிடி இறுகியது. தேசாதிபதியின் சுதந்திரம் குறைந்தது. கடிதம் விரைவாகச் செல்லத் தொடங்கியதும் அதிகாரம் இருக்கும் இடமும் மாறியது என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

எழுதியவை யாவும் உண்மையா?

பழைய ஆவணம் என்றவுடன் அதில் உள்ளவை யாவும் உண்மை என்று நம்பிவிடலாகாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நோர்த்தின் நிருவாகத்தில் அரசுச் செயலாளராக இருந்த ஹியூ கிளெகோர்ன், 1799 ஜூன் 1ஆம் திகதியிட்டு ஒரு குறிப்பு எழுதினார். மிகப் பழைய காலந்தொட்டு இரண்டு வேறுபட்ட மக்களினங்கள் இத்தீவைத் தமக்குள் பகிர்ந்து வாழ்ந்து வந்துள்ளன என்றும், சமயத்தாலும் மொழியாலும் பழக்கவழக்கங்களாலும் அவை வேறுபட்டவை என்றும் அவர் எழுதினார். தமிழர் அரசியலில் இக்குறிப்பு பலமுறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

அதே குறிப்பில் அவர் சிங்கள மக்கள் சீயம் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றும் எழுதினார். இது தவறு. சீயத்திலிருந்து வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்ட பௌத்த குருமரபேயாகும். ஒரு பக்கத்தில் நமக்கு உவப்பானதைச் சொன்ன கை, அடுத்த வரியில் பிழையும் எழுதியது. நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது கல்வியாகாது. இரண்டையும் சேர்த்தே மாணவர்க்குச் சொல்லுதல் ஆசிரியரின் கடமை.

கலகங்களும் கடிதங்களும்

1848இல் தேசாதிபதி டொரிங்டன் புதிய வரிகளை விதித்தார். துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றுக்கெல்லாம் வரி வந்தது. கண்டிப் பகுதியில் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. காவியுடையோடு ஒரு பௌத்த பிக்கு சுட்டுக் கொல்லப்பட்டார். தேசாதிபதி தம் செயலை நியாயப்படுத்தி இலண்டனுக்கு எழுதினார். ஆனால், கொழும்புப் பத்திரிகைகளும் கொழும்பிலிருந்து சென்ற பிற கடிதங்களும் வேறு கதையைச் சொல்லின. பிரித்தானியப் பாராளுமன்றம் தெரிவுக்குழு அமைத்து விசாரித்தது. 1850இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். தேசாதிபதியின் கடிதம் ஒன்றே இலண்டனின் கண்ணாக இருந்திருப்பின் இது நடந்திராது.

இங்கே ஒரு விதியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். குடியேற்ற நாட்டு மக்கள் அமைச்சருக்கு மனு அனுப்ப விரும்பினால், அதனைத் தேசாதிபதியின் மூலமாகவே அனுப்புதல் வேண்டும். நேரே அனுப்பப்பட்ட மனு, அறிக்கை கேட்டுத் தேசாதிபதிக்கே திருப்பப்படும். யாரைப் பற்றி முறையிடுகிறோமோ அவரது கையினூடாகவே முறைப்பாடு செல்ல வேண்டும்! ஆதலினாற்றான் நம் தலைவர்கள் கப்பலேறி இலண்டனுக்கு வரத் தொடங்கினர்.

1915 மே மாத இறுதியில் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலவரம் மூண்டு பிற இடங்களுக்கும் பரவியது. தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். விசாரணை முறையாக நடைபெறாமலே பலர் சுடப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பிற்காலத்தில் பிரதமரான டி. எஸ். சேனநாயக்க உட்படப் பலர் சிறையிலிடப்பட்டனர். சட்டசபையில் இதனைத் துணிந்து கண்டித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். உலகப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வேளையில், கடலில் ஆபத்து நிறைந்திருந்தும், அவர் இலண்டனுக்கு வந்து முறையிட்டார். 1916இல் இலண்டனிலேயே இக்கலவரமும் இராணுவச் சட்டமும் பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார். இ. டபிள்யூ. பெரேராவும் இதே நோக்கத்துக்காக இலண்டன் வந்தார். அவர் ஓர் இரகசிய ஆணையின் படியைத் தம் சப்பாத்துக்குள் மறைத்துக் கொண்டுவந்தார் என்று கூறப்படுவதுண்டு. 1916இல் சால்மர்ஸின் இடத்துக்கு சேர் ஜோன் அண்டர்சன் தேசாதிபதியாக வந்தார். இராமநாதன் நாடு திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். சிங்கள மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காகத் தமிழர் ஒருவர் கடல் கடந்து வாதாடிய இந்நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மறக்கலாகாது.

ஒரு கடிதமும் ஓர் இலட்சியமும்

1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு, 1928இல் தனது அறிக்கையை வெளியிட்டது. வளர்ந்தோருக்கு வாக்குரிமை வழங்கவேண்டும் என்றும், ஐந்தாண்டுகள் வதிந்தோருக்கு அவ்வுரிமை உண்டு என்றும் அது பரிந்துரைத்தது. அவ்வாறாயின் மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலரும் வாக்காளராவர். இதற்குச் சட்டசபையில் எதிர்ப்பு எழுந்தது. தேசாதிபதி சேர் ஹேர்பெட் ஸ்டான்லி 1929 ஜூன் 2ஆம் திகதி இலண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை வெறும் வதிவு போதாது. நிரந்தர வதிவிட நிலை, அல்லது கல்வியும் சொத்தும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும் என்ற நிபந்தனைகள் அதன் வழியே வந்தன. இலண்டன் அதனை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு இறுதியில் சட்டசபை 19 வாக்குகளுக்கு எதிராக 17 வாக்குகள் என்ற நிலையில், இரண்டு வாக்குப் பெரும்பான்மையால் புதிய அரசியல் திட்டத்தை நிறைவேற்றியது.

தேயிலைக் கொழுந்து கொய்த பெண்ணுக்கு இக்கடிதம் பற்றி யாரும் சொல்லவில்லை. அவளிடம் கருத்தும் கேட்கப்படவில்லை. ஆயினும் அவள் வாக்களிப்பாளா இல்லையா என்பதை அக்கடிதமே தீர்மானித்தது. முதியவரான இராமநாதனும் இப்புதிய திட்டத்தை, அதன் சர்வசன வாக்குரிமை உட்பட, எதிர்த்து 1930இல் மீண்டும் இலண்டனுக்கு வந்தார். இம்முறை அவர் சொல் ஏறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார். 1931இல் நடந்த முதற் பொதுத் தேர்தலை, முழுச் சுயராச்சியம் தரப்படவில்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது.

டொமினியன் என்னும் நிலை

'டொமினியன்' என்ற சொல்லை நம் முதியோர் பலர் கேட்டிருப்பர். கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா முதலிய நாடுகள் உள்நாட்டு விடயங்களில் தம்மைத் தாமே ஆண்டன. ஆயினும் முடியின் கீழ் இருந்தன. அந்நாடுகளுக்கென 1925இல் இலண்டனில் தனி அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. அதுவரை மகாதேசாதிபதிக்கு இரண்டு முகங்கள் இருந்தன. அவர் மன்னரின் பிரதிநிதி. அதே வேளையில் இலண்டன் அரசாங்கத்தின் கடித வாயிலும் அவரே. 1926ஆம் ஆண்டுப் பேரரசு மாநாடு இதனை மாற்றியது. அதன்பின் அரசாங்கமும் அரசாங்கமும் நேரடியாகக் கடிதம் எழுதிக்கொள்ளலாம். மகாதேசாதிபதி மன்னரின் பிரதிநிதி மட்டுமே என்றாயிற்று. யார் யாருக்கு எழுதுவது என்ற சிறு மாற்றம்போலத் தோன்றும் இதுவே உண்மையில் சமத்துவத்தின் அடையாளம். 1931இல் வெஸ்ட்மினிஸ்டர் சட்டம் அதற்குச் சட்ட வலுவும் அளித்தது.

1944 டிசம்பரில் சோல்பரி ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் அதன்முன் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு வைக்கப்பட்டது. 1947 நவம்பர் 11ஆம் திகதி பாதுகாப்பு, வெளிநாட்டு அலுவல், அரசாங்க உத்தியோகத்தர் ஆகியவை பற்றிய மூன்று உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை டொமினியன் ஆயிற்று. தேசாதிபதி மகாதேசாதிபதியானார். கோப்புகள் குடியேற்ற நாட்டு அலுவலகத்திலிருந்து பொதுநலவாய உறவு அலுவலகத்துக்கு மாறின. இலண்டனுக்கு இலங்கையின் முதலாவது உயர்ஸ்தானிகராக சேர் ஒலிவர் குணதிலக வந்தார். 1949இல் சோல்பரிப் பிரபுவே மகாதேசாதிபதியாக நியமிக்கப்பட்டமை வரலாற்றின் ஒரு விசித்திரம்.

இது முழுச் சுதந்திரமா என்று உலகம் ஐயுற்றது. சோவியத் ஒன்றியத்தின் எதிர்ப்பால் 1955 வரை இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் சேர முடியவில்லை. திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957இலேதான், இரு அரசாங்கங்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களின்படி, இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன.

29ஆம் பிரிவின் கதி யாது? 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். அவர்கள் சார்பான வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை வந்தது. 1953இல் அச்சட்டங்கள் செல்லும் என்றே அங்கு தீர்ப்பாயிற்று. சிங்களம் மட்டும் சட்டத்தின் கீழ்ச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கும் அங்கேதான் வந்தது. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்குத் தொடரலாம் என்று 1969இல் கோமறைக் கழகம் தீர்த்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. 1971இல் அம்மேன்முறையீட்டு உரிமை ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசாயிற்று. 29ஆம் பிரிவும் மறைந்தது. அக்கேள்விக்கு விடை கிடைக்கவேயில்லை.

கியூவில் உள்ள செல்வம்

இலங்கைத் தேசாதிபதிகள் அனுப்பிய மூலக் கடிதங்கள் தென்மேற்கு இலண்டனில், கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 'சி.ஓ. 54' என்பது அத்தொகுதியின் குறியீடு. 1798 முதல் 1949 வரையான கடிதங்கள் அதில் அடங்கும். 'சி.ஓ. 57' என்பதில் சட்டசபை ஆவணங்களும், 'சி.ஓ. 58' என்பதில் அரசாங்க வர்த்தமானிகளும் உள்ளன. குடியேற்ற நாடுகளை விட்டு நீங்கும்போது ஆங்கிலேயர் எடுத்துவந்து நெடுங்காலம் வெளியிடாமல் வைத்திருந்த கோப்புகள் பற்றிய உண்மை 2011இல் வெளிவந்தது. அவையும் பின்னர் கியூவில் 'எப்.சி.ஓ. 141' என்ற தொகுதியாகத் திறக்கப்பட்டன.

அங்கு படிப்பதற்குக் கட்டணம் இல்லை. அடையாளச் சான்றுகளைக் காட்டி வாசகர் அட்டை பெறலாம். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சிலால் மட்டுமே குறிப்பெடுக்கலாம். கைத்தொலைபேசியால் படம் எடுத்துக்கொள்ளலாம். கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாற் போதும்.

இலங்கையில் மாணவர்கள் 'கோல்புறூக், மனிங், டொனமூர், சோல்பரி' என்று இவ்வரலாற்றை நிரல்படுத்தி மனனம் செய்து பரீட்சை எழுதுவர். மூலக் கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அங்குள்ள மாணவர்க்கோ ஆசிரியர்க்கோ எளிதில் கிட்டுவதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு அரிய சுவடிகளும் சாம்பராயின. போர்க்காலத்தில் வீடு வீடாக உறுதிகளும் கடிதங்களும் படங்களும் அழிந்தன. நம்மைப் பற்றி நாம் எழுதியவை எரிந்துபோக, நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவை பத்திரமாக இருக்கின்றன. இந்நிலையைப் புரிந்துகொண்டாற்றான் நம் பணியும் விளங்கும்.

பெற்றோரில் பலர் ஓர் அரசாங்கக் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். நமது வாழ்வும் எங்கோ ஒரு மேசையில், நாம் காணாத ஓர் அலுவலரின் சிறு குறிப்பால் தீர்மானிக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதத்தைப் பாட்டனாருக்கும் பாட்டிக்கும் தமிழில் படித்துச் சொல்பவர்கள் நம் பிள்ளைகளே. அன்று கச்சேரியில் முதலியார்மார் செய்த மொழிபெயர்ப்புப் பணியை இன்று பத்து வயதுச் சிறுவர் செய்கின்றனர். அதனைச் சரியாகச் செய்வதற்கு இரண்டு மொழியும் வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனுக்குக் கோப்பு விளங்கும். கோப்பில் எழுதாமல் விடப்பட்ட மனிதர் விளங்கமாட்டார்.

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு முதியோரிடம் கேளுங்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எவ்வழியாக வந்தனர் என்பதைத் திகதியிட்டுத் தமிழில் எழுதுங்கள். வீட்டிலுள்ள பழைய கடிதங்களை எறிந்துவிடாதீர்கள். சற்று வளர்ந்ததும் கியூவுக்குச் சென்று உங்கள் ஊரின் பெயரை அக்கடிதங்களிலே தேடுங்கள். தேசாதிபதி எழுதியதையும் உங்கள் பாட்டி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் நாளில், நம் வரலாற்றின் மறுபாதி எழுதப்படத் தொடங்கும்.